துரைக்குத் திராட்சை போதும்

தினமும் காலையில் துரைக்கு முன்னால் என் நாக்குதான் வேலைக்குப் போகும். ஆய்வுக்கூடத்தின் கடைசி அறை என்னுடையது. ஒரு நீள மேசை, ஒரு குளிர்பெட்டி, தராசு, கண்ணாடிக் குடுவைகள், ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். திராட்சைச் சாறு, பேரிக்காய்ச் சாறு, உப்பு நீர், கசப்பு நீர் எல்லாம் நான்தான் கலக்க வேண்டும். கலந்ததில் ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்து, துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்ததற்குப் போவேன். சாறு கொஞ்சம் நீர்த்துப் போயிருந்தால்கூட எனக்குத் தெரிந்துவிடும். என் நாக்கு ஏமாந்தது கிடையாது என்று நானே பெருமை பேசிக்கொள்வேன், வேறு யாரும் பேசுவதில்லை என்பதால்.

துரை ஒரு குரங்கு. பெயர் வைத்தது நான். அவன் இங்கே வந்த அன்றைக்கு ஓர் ஆப்பிள் துண்டைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தான், திருப்பிப் பார்த்தான், தரையில் வைத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். "பெரிய துரை இவரு" என்று வாய்விட்டுச் சொன்னேன். அதுவே நிலைத்துவிட்டது. பிடித்தால் கிண்ணத்தை நக்கியே பளபளப்பாக்கிவிடுவான். பிடிக்காவிட்டால் அதே கிண்ணம் என் தலைக்கு வரும். நடுவில் ஒன்றும் கிடையாது. மனிதர்களோடு வாழ்ந்து அலுத்தவர்களுக்கு அவன் பெரிய ஆறுதல்.

அவனுடைய வேலை எளிது. ஒரு திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். திரையில் இரண்டு படங்கள் வரும். நீல வட்டத்தைத் தொட்டால் வாயருகே இருக்கும் குழாயிலிருந்து திராட்சைச் சாறு கொஞ்சம் வரும். மஞ்சள் கட்டத்தைத் தொட்டால் பேரிக்காய். நடுநடுவே வாய் கழுவத் தண்ணீர். சில நாட்களில் இதையே ஸ்கேன் எந்திரத்துக்குள் அசையாமல் உட்கார்ந்து செய்வான். அவனை அசையாமல் உட்காரப் பழக்குவதற்குள் எங்களுக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

இந்த ஆராய்ச்சியை நடத்துகிறவரை எல்லோரும் டாக்டரம்மா என்போம். மூளையைப் படித்த டாக்டர், ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இது புரியாமல் எங்கள் காவலாளி அண்ணன் அவரிடம் முட்டிவலிக்கு மாத்திரை கேட்டுக்கொண்டே இருப்பார். புதிதாக யாராவது பார்க்க வந்தால் டாக்டரம்மா ஒரே விளக்கத்தைத்தான் சொல்வார். நாக்கில் பட்ட ருசி முதலில் மூளையில் காதுக்கு மேலே உள்பக்கமாக மடிந்திருக்கும் ஓர் இடத்துக்குப் போகிறது. அது ஒரு குமாஸ்தா. வந்தது இனிப்பு, இவ்வளவு இனிப்பு என்று முத்திரை குத்திவிடும். நீங்கள் பட்டினியாக இருக்கிறீர்களா, வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறீர்களா என்பதெல்லாம் அதற்குக் கவலை இல்லை. அங்கிருந்து சேதி கண்ணுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் இன்னோர் இடத்துக்குப் போகும். அங்கேதான் மாமியார் உட்கார்ந்திருக்கிறாள். ருசி, வாசனை, பார்வை எல்லாம் அவளிடம் வந்து சேரும். இது எனக்கு இப்போது வேண்டுமா வேண்டாமா என்று மதிப்பெண் போடுவது அவள்தான். எலிக்கெல்லாம் இப்படித் தனித்தனியாகப் பிரித்து வைக்கவில்லை, குரங்குக்கும் நமக்கும்தான் இந்த ஏற்பாடு என்று முடிப்பார். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். நான் குடுவை கழுவிக்கொண்டிருப்பேன்.

மாமியார் பதவி எனக்கும் சமீபத்தில்தான் கிடைத்தது. ஆனால் எங்கள் வீட்டில் மதிப்பெண் போடும் இடத்தில் இருந்தவர் மாப்பிள்ளை.

என் ஒரே பெண்ணைக் கட்டிக்கொண்டவர் லிஃப்ட் மெக்கானிக். அமைதியானவர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். அவருடைய கம்பெனி அவரை எங்கள் ஊருக்கே மாற்றிவிட்டது. இது தெரிந்த நாள் முதல் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் வீட்டு மாடி சும்மாதான் கிடக்கிறது. இரண்டு அறை, ஒரு குளியலறை, ஒரு சின்னச் சமையல் மேடை. வெள்ளையடித்தேன். திரை தைத்து மாட்டினேன். என் வீட்டுக்காரர் அங்கே சேர்த்து வைத்திருந்த பழைய ரேடியோக்களையெல்லாம் பஞ்சாயத்து பண்ணிக் கீழே இறக்கினேன். ஆனால் கம்பெனியும் ஊரின் மறுகோடியில் ஒரு குடியிருப்பு தருகிறது. இரண்டில் எது என்று திங்கட்கிழமை அவர் அலுவலகத்தில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் லீவு போட்டு, பெண்ணோடு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார்.

எனக்கு அவர்கள் மாடியில் இருக்க வேண்டும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. பெண் கல்யாணமாகிப் போனதிலிருந்து வீடு எனக்குப் பெரிதாகிவிட்டது. மாலையில் அவள் சாவியைத் தொப்பென்று மேசையில் போடும் சத்தம் இல்லாமல் என்னால் தேநீர்கூடச் சரியாகக் குடிக்க முடியவில்லை. அதற்காக மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்க முடியுமா? அவருக்காகவே தோன்ற வேண்டும். தோன்ற வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி சமையல்.

வந்த அன்று மாலை தேநீரோடு தேன் கேக் வைத்தேன். ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்றார். அவர் வாயிலிருந்து 'ரொம்ப' வந்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனாரிடம், எங்கள் மாப்பிள்ளைக்கு இனிப்பு என்றால் உயிர் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். பெண்ணிடம், இத்தனை நாளாக இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் என்ன குடும்பம் நடத்துகிறாய் என்று கேட்டேன்.

அடுத்த நாளிலிருந்து என் சமையலே வேறு பக்கம் திரும்பிவிட்டது. பூசணி சூப், சர்க்கரை போட்டு வதக்கிய கேரட், பழம் போட்ட ரொட்டி, முடிவில் பால் இனிப்பு. கை தாராளமாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை உட்காருவார், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுப்பார், பாதி சாப்பிட்டு நிறுத்திக்கொள்வார். ஏன் மாப்பிள்ளை, நல்லா இல்லையா என்று கேட்டால், "நல்லா இருக்கு அத்தை" என்பார். 'ரொம்ப' போய்விட்டது. நாள் ஆக ஆகத் தட்டில் மிச்சம் கூடிக்கொண்டே போனது. நானும் சளைக்காமல் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போனேன்.

நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு மிச்சம் வைப்பவரை என்ன செய்வது? துரையாக இருந்தால் கிண்ணம் பறந்து வந்திருக்கும், நானும் நிம்மதியாக வேறு எதையாவது கலந்திருப்பேன். இவர் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

பெண்ணைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். உன் வீட்டுக்காரருக்கு என் சமையல் பிடிக்கவில்லையா, இந்த வீடு பிடிக்கவில்லையா, இல்லை என்னையே பிடிக்கவில்லையா என்று. அவள் துணி மடித்துக்கொண்டே, அவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார் என்றாள். அதைத்தான் நம்ப முடியவில்லை என்றேன். மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவர் சித்தப்பா வீட்ல வளர்ந்தவரும்மா. அங்க எது போட்டாலும் நல்லா இருக்குன்னு சொல்லணும், ரெண்டாவது தடவை கேக்கக் கூடாது. அப்படியே பழகிட்டாரு. எங்கிட்டயே அவருக்கு என்ன பிடிக்கும்னு இன்னும் வாய் திறந்து சொன்னதில்ல."

அப்படியென்றால் எங்கே இருக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்றாள். ஒருவர் யோசிக்கிறார் என்றால் எனக்கு அது வேண்டாம் என்றுதான் காதில் விழும். அன்று இரவு படுக்கையில் என் வீட்டுக்காரரிடம், திரை தைத்த துணியைப் பிரித்துத் தலையணை உறை தைத்துவிடலாம் என்றேன். அவர் குறட்டையால் பதில் சொன்னார்.

இந்த நேரம் பார்த்துத் துரையும் மக்கர் செய்ய ஆரம்பித்தான். நீல வட்டத்தைத் தொடுவதே இல்லை. பேரிக்காயையும் ஏதோ கடமைக்குத் தொட்டான். திராட்சைச் சாறு குழாயில் வந்தால் உதட்டை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தான். ஆரம்பத்தில் திராட்சைக்காகக் குழாயையே கடித்தவன் இவன். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, சாற்றில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குக் கலந்ததை மறுபடி ருசித்தேன், பழைய குப்பியையும் ருசித்தேன், புதிதாக ஒன்று கலந்தும் ருசித்தேன். எல்லாம் ஒன்றுதான். வீட்டில் ஒருவர் பாதியில் எழுந்து போகிறார், இங்கே ஒருவன் வாயே திறக்க மாட்டேன் என்கிறான். என் கைராசியே போய்விட்டது என்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை துரையை ஸ்கேனுக்குள் உட்கார வைத்துப் பார்த்தார்கள். குழாய் வழியாகத் திராட்சைச் சாறு நாக்கில் பட்டது. டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். காதுக்கு மேலே இருக்கும் குமாஸ்தா பிரகாசமாக முத்திரை குத்திக்கொண்டிருந்தது. திராட்சைதான், நல்ல இனிப்புதான், முன்பு வந்த அதே சரக்குதான் என்று. நெற்றிக்குப் பின்னால் மட்டும் இருட்டு. மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க சாறு நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "அவனுக்கும் அது தெரியுது. பிடிக்காம இல்ல, போதும்ங்கிறான்."

எது போதும்? காலையிலிருந்து அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே என்றேன். அவர் மேசையிலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்துத் துரையிடம் நீட்டச் சொன்னார். நீட்டினேன். என் விரலையும் சேர்த்துப் பிடுங்காத குறை. நெற்றிப் பக்கம் பளிச்சென்று ஒளிர்ந்ததாம், எந்திரம் ஓட்டும் தம்பி உள்ளே இருந்து கத்தினார். டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். ஒரு ருசியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அந்த ருசிக்கான மதிப்பெண் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். மற்ற ருசிகளுக்கு அவ்வளவாக இறங்காது. இனிப்பு அலுத்தவனுக்கும் உப்பு அப்படியே காத்திருக்கும். அதனால் இவன் இங்கே வருவதற்கு முன்பே யாரோ திராட்சையை ஊட்டியிருக்கிறார்கள்.

சோதனைக்கு வெளியே திராட்சை கூடவே கூடாது என்பது எங்கள் முதல் விதி. சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. எல்லோரையும் என் அறைக்கு வரச் சொன்னார். முதலில் காவலாளி அண்ணன் தலையைச் சொறிந்தார். காலையில் கதவைத் திறந்ததும் ஒன்றே ஒன்று கொடுப்பாராம். அவரைப் பார்த்தாலே கையை நீட்டுகிறானாம், மனசு கேட்கவில்லையாம். கூண்டு கழுவும் அக்காவும் ஒன்றுதான், ஆனால் பெரிய பழமாகப் பார்த்து. எந்திரம் ஓட்டும் தம்பி, அவனை நாற்காலியில் உட்கார வைக்க இரண்டு மூன்று தேவைப்படுகிறது என்று விஞ்ஞான ரீதியாக விளக்கினார். நான் மட்டும் கொடுத்ததில்லை. அது ஒழுக்கத்தால் இல்லை, நாள் முழுக்கச் சாறு நாறும் என் கையிலிருந்து பழம் எதையும் துரை வாங்க மாட்டான். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் கொடுக்கிறோம், ஒன்றில் என்ன ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவே இல்லை. காவலாளி அண்ணன் மெதுவாக, காலையில் அம்மா காரிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு பொட்டலம் இருக்குமே என்றார்.

"ஒரு சின்னக் கொத்துதான்," என்றார் டாக்டரம்மா. "நானே எழுதினது அது, அந்த விதி."

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கூண்டு கழுவும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டரம்மாவும் சிரித்தார், முகம் சிவந்து. துரைக்குத் திராட்சை என்றால் உயிர் என்று முதல் வாரத்தில் அவர்தான் எல்லோரிடமும் சொன்னவர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கட்டடமே அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

மாலை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் போயிருக்கும். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இனிப்பு என்றால் உயிர் என்று நான் யார் யாரிடமெல்லாம் சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தேன். பிறகு இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடச் சரியாக விடாமல் குளிர்பெட்டியைத் திறந்தேன். சாறு கலக்கும் அறையில் அத்தனை குப்பியையும் அடையாளம் தெரிகிற எனக்கு, என் வீட்டுக் குளிர்பெட்டியில் யார் எதை வைத்தார்கள் என்று தெரியாமல் போயிருக்கிறது. நாத்தனார் வீட்டுப் பெரிய இனிப்பு டப்பா ஒன்று, பாதி காலி. பேக்கரி கேக் பெட்டி ஒன்று. ஐஸ்கிரீம் இரண்டு வகை. என்னுடைய பால் இனிப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று நானே ஒளித்து வைத்திருந்த தேன் கேக்கின் கடைசிப் பாதி.

விசாரணைக்கு என் வீட்டுக்காரரை முதலில் கூப்பிட்டேன். மாப்பிள்ளையோடு மாலையில் நடக்கப் போகிறோம் என்று கிளம்பியவர்கள் தினமும் பேக்கரியோடு திரும்பியிருக்கிறார்கள். ஒரே ஒரு கிரீம் கேக்தான், அதுவும் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லவே இல்லையே என்றார். தனக்கும் ஒன்று வாங்கினாரா என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். நாத்தனாரைச் சுவருக்கு மேலே கூப்பிட்டேன். அவர்கள் நடந்துவிட்டுத் திரும்பும்போது நிறுத்தி இரண்டே இரண்டு இனிப்பு கொடுப்பாராம், மாப்பிள்ளைப் பையன் எவ்வளவு மரியாதையாக நின்று சாப்பிடுகிறார் தெரியுமா என்று உருகினார். பெண் ஐஸ்கிரீமைத் தானே ஒப்புக்கொண்டாள். அதற்கு மேல் நான் வந்து இனிப்புச் சூப்பையும் இனிப்புக் கேரட்டையும் வைத்திருக்கிறேன். பாவம், அந்த மனுஷன் சித்தப்பா வீட்டில் கேட்க முடியாமல் கஷ்டப்பட்டார், இங்கே வேண்டாம் என்று சொல்ல முடியாமல் கஷ்டப்பட்டிருக்கிறார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது. இனிமேல் இனிப்புக் கையோடு யாரும் அவர் பக்கம் போகக் கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டேன். பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கும்தான்ம்மா அந்த உத்தரவு என்றாள்.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் சர்க்கரை டப்பாவை யாரும் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் தேநீரைக் குடித்துவிட்டு மருந்து குடித்த முகத்தோடு இருந்தார். மாலை நடைக்குப் போனவர்களை நானே வாசலில் நின்று அனுப்பி, நானே வாசலில் நின்று வாங்கிக்கொண்டேன். நாத்தனார் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். நான் பார்த்த பார்வையில் தலை உள்ளே போய்விட்டது.

அன்று சாப்பாட்டுக்கு வெள்ளரிக்காயை மெல்லிசாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகும் தூவி வைத்தேன். உருளைக்கிழங்கை மொறுமொறுவென்று வறுத்தேன். மீன் பொரித்தேன். தக்காளி சூப் வைத்தேன். மேசையில் இனிப்பு என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வேலையில் இருக்கும்போது நான் துரையின் உதட்டைப் பார்ப்பேன், அன்றைக்கு அவர் கையைப் பார்த்தேன். கை நேராக வெள்ளரிக்காய்க்குப் போனது.

முதல் துண்டைக் கடித்ததும் அவர் கண் மூடித் திறந்தது. இன்னும் இரண்டு எடுத்தார். பிறகு தட்டில் அள்ளி வைத்துக்கொண்டார். மீன் ஒன்று போனது, அடுத்ததும் போனது. உருளைக்கிழங்குக் கிண்ணத்தை என் வீட்டுக்காரர் தன் பக்கம் இழுத்தார், மாப்பிள்ளை இந்தப் பக்கம் இழுத்தார். நான் எதுவும் கேட்கவில்லை. நல்லா இருக்கா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது, கடித்துக்கொண்டேன். அதற்குப் பதிலாகத் துரையின் கதையைச் சொன்னேன். பறந்து வரும் கிண்ணம், திராட்சை, விதி, கடைசியில் டாக்டரம்மாவின் கொத்து. பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். மாப்பிள்ளை வாயில் உருளைக்கிழங்கோடு சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு, அவன் வேண்டாம்னா கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுருவானா அத்தை என்று கேட்டார். என் தலையைப் பார்த்துத்தான் போடுவான் என்றேன். நீங்கள் கோபப்பட மாட்டீர்களா என்றார்.

"எதுக்குக் கோபம்? அப்பதானே மாப்பிள்ளை எனக்கு என்ன கலக்கணும்னு தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு சூப்பைக் கலக்கினார். ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி. கரண்டியைக் கீழே வைத்தார். பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"சூப்புல உப்பு கம்மி அத்தை."

அவருக்கே தான் சொன்னது அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும், காது மடல் சிவந்துவிட்டது. உப்பு கம்மிதான். என் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் வந்ததிலிருந்து இந்த வீட்டில் சூப்புக்கு உப்பு கம்மிதான். ஏமாறாத நாக்கு என்று பீற்றிக்கொள்கிற எனக்கே அது பழகி மறந்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஓர் ஆள் என் வீட்டில், என் மேசையில் உட்கார்ந்து, என் சமையலில் குறை சொல்லிவிட்டார். எழுந்துபோய் உப்புக் கிண்ணத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். என் வீட்டுக்காரர் இதுதான் சமயம் என்று கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினார். அந்தக் கையில் ஒரு தட்டு தட்டினேன்.

மாப்பிள்ளை ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார். குனிந்தபடியே, இன்னும் ஒன்று சொல்லலாமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன்.

"மாடி பாத்ரூம்ல குழாய் சொட்டுது அத்தை. வாஷர் போயிருச்சு, நாளைக்கு வாங்கிட்டு வந்து மாத்திடறேன். இனிமே தினம் அந்தச் சத்தத்துல எப்படித் தூங்கறது?"

பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம். என் வீட்டுக்காரர் அப்போதே ஸ்பானர் தேட எழுந்தார். உட்கார்ந்து சாப்பிடுங்கள், குழாய் எங்கும் ஓடிவிடாது என்று அதட்டினேன். மாப்பிள்ளை சூப்பை ருசி பார்த்துவிட்டு இன்னொரு சிட்டிகை உப்புப் போட்டார். யாரும் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. அவர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி நீட்டினார்.